ஆறு, புல், குதிரை: ஃபேர்டன் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் வடக்கு ஜெர்மனியின் ஃபேர்டன் ஊரைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அல்லர் ஆற்றங்கரையில் இருக்கிற பழைய ஊர், குதிரைக்குப் பேர்போனது, வாய்ப்பிருந்தால் போய் வாருங்கள் என்று. அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, அதனால் பலரும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் மாண்ட ஊர்தானே இது? அங்கே குதிரை எங்கிருந்து வந்தது?

இல்லைங்க, அது பிரான்சில் இருக்கும் வெர்டன். 1916இல் பெரும்போர் நடந்தது அங்கே. நான் சொன்னது ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில், பிரேமனுக்கும் ஹனோவருக்கும் நடுவில் இருக்கும் சிறிய ஊர். எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜெர்மன்காரர்கள் முதல் எழுத்தை 'ஃப' என்று உச்சரிப்பார்கள், அதனால் ரயில் நிலையத்தில் வழி கேட்கும்போது ஃபேர்டன் என்றே கேளுங்கள். டிக்கெட் எடுக்கும்போது பெயரோடு 'அல்லர்' என்று ஆற்றின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் குழப்பமே வராது.

ஜெர்மனியில் குதிரை இல்லாத மாவட்டமே இருக்காது. இந்த ஊருக்கு மட்டும் ஏன் குதிரை ஊர் என்று பெயர்? விளம்பரத்துக்காக வைத்துக்கொண்டதா?

நல்ல கேள்வி. விளம்பரம் இல்லை. இதற்குப் பதில் சொல்ல ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அல்லர் இந்த ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வேசர் ஆற்றில் கலந்துவிடுகிறது, இரண்டும் மழை மிகுந்த குளிர்காலத்தில் கரை மீறிப் பரவி, வண்டலைப் படியவிட்டு மெதுவாக வடிகிற ஆறுகள் (2023 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த வெள்ளத்தில் ஊரே திணறிப்போனது). அப்படி அடிக்கடி தண்ணீர் நிற்கும் நிலத்தில் உழுது பயிர் செய்வது சிரமம், ஆனால் புல்லுக்கு அதைவிடத் தோதான நிலம் கிடையாது. புல் இருந்தது, மாடும் குதிரையும் வந்தன.

அப்புறம் 1735இல் ஒரு காரியம் நடந்தது. இங்கிலாந்து அரசராகவும் ஹனோவரின் ஆட்சியாளராகவும் இருந்த இரண்டாம் ஜார்ஜ், இதே அல்லர் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் செல்லே நகரில் அரசுப் பொலிகுதிரை லாயம் ஒன்றைத் தொடங்கினார். தரமான பொலிகுதிரையை வாங்கி வைத்துக் காப்பாற்றச் சாதாரண விவசாயிக்கு வசதி ஏது? அரசாங்கமே வைத்துக்கொண்டு, இனச்சேர்க்கைப் பருவம் வந்ததும் கிராமங்களுக்கு அனுப்பிவைக்கும், விவசாயி தன் பெண் குதிரையை அங்கே ஓட்டிக்கொண்டு போவார். பிறக்கிற குட்டி ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும், கொஞ்சம் மிடுக்காக வளர்ந்தால் ராணுவத்துக்கு விற்றுக் காசும் பார்க்கலாம். ஹனோவேரியன் என்று இன்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அந்த இனம் இப்படி விவசாயிகளின் கொட்டிலில் உருவானதுதான். இடது தொடையில் 'எச்' எழுத்தின் மேல்முனைகளில் இரண்டு குதிரைத் தலைகள் இருப்பதுபோல ஒரு சூட்டு முத்திரை, பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது அதற்குப் பதிலாக உடலுக்குள் சிப் வைக்கிறார்கள்.

என்னை உருக்குவது இதற்குப் பிறகு வரும் பகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்தது, வயலுக்கு டிராக்டர் வந்தது, குதிரைப்படை என்ற ஒன்றே இல்லாமல் போனது. குதிரைக்கு இருந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் போய்விட்டது, அதை இறைச்சிக்குக் கொடுப்பதா வைத்துக் காப்பாற்றுவதா என்று விவசாயி தவித்த காலம் அது. அந்த நிலைமையில் ஹான்ஸ் யோவாகிம் கோலர் என்பவர் முன்னின்று, 1949இல் ஃபேர்டனில் முதல் சவாரிக் குதிரை ஏலத்தை நடத்தினார். யோசனை எளிமையானது. குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தி விலை பேசாமல், சில வாரம் நன்றாகப் பழக்கி, ஆளை ஏற்றி ஓட்டிக் காட்டி, வாங்குகிறவரையும் ஏறிப் பார்க்கவிட்டு, பிறகு ஏலம் விடுவது. ஏர்க்குதிரையை விளையாட்டுக் குதிரையாக மாற்றும் வேலையில் வளர்ப்பாளர்கள் இறங்கினார்கள், ஏலம் நிலைத்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இசபெல் வெர்த் தனிநபர் டிரஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வென்றது கிகோலோ என்ற ஹனோவேரியன் குதிரையின் மேல்தான். இன வளர்ப்பாளர் சங்கத்தின் தலைமையகம் இன்றும் ஃபேர்டனில் இருக்கிறது, இளம் டிரஸாஜ் குதிரைகளுக்கான உலகப் போட்டியும் பலமுறை இங்கே நடந்திருக்கிறது. வேலை இழந்த ஒரு பிராணியைக் கைவிடாமல் பிடித்துக்கொண்ட ஊர் இது, அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உண்டு என்பேன்.

குதிரை வாங்கும் எண்ணமோ வசதியோ இல்லை. என் மகளுக்குக் குதிரை என்றால் உயிர். ஏலத்தைச் சும்மா பார்க்க விடுவார்களா அக்கா?

தாராளமாகப் பார்க்கலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீடர்சாக்சன்ஹாலே என்ற பெரிய அரங்கில் நடக்கும். சில ஏலங்கள் இப்போது இணையத்தில் மட்டும் நடக்கின்றன, ஆகையால் சங்கத்தின் தளத்தில் தேதியையும் நுழைவுச் சீட்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏல நாளைவிட அதற்கு முந்தைய நாள்களில் குதிரைகளை அரங்கில் ஓட்டிக் காட்டுவதுதான் குழந்தைக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம். விலை கூவும் பரபரப்பு இல்லாமல், ஒவ்வொரு குதிரையும் எப்படிக் கால் எடுத்து வைக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். கை தட்டுவது, குடையை விரிப்பது இதெல்லாம் மட்டும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

ஏலம் இல்லாத நாளில் போனால் ஜெர்மன் குதிரை அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய குதிரைப்படைப் பாசறைக் கட்டடத்தில். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே போகும் முன் வாசலில் நிற்கும் வெண்கலக் குதிரையை மகளுக்குக் காட்டுங்கள். அதன் பெயர் டெம்பல்ஹூட்டர், அன்றைய ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் இருந்த கிழக்குப் பிரஷ்யாவின் டிராகேனன் லாயத்தில் வாழ்ந்த புகழ்பெற்ற பொலிகுதிரை. அசல் சிலையைப் போர் முடிவில் சோவியத் படை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றுவிட்டது, அதன் அச்சில் வார்த்த பிரதிதான் 1974 முதல் இங்கே நிற்கிறது. 1945 தொடக்கத்தில் கிழக்குப் பிரஷ்ய மக்கள் குழந்தை குட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சோவியத் படைக்கு அஞ்சி, உறைந்துபோன கடற்கழியின் மேல் அந்த டிராகேனன் இனக் குதிரைகளை நம்பி மேற்கே ஓடி வந்தார்கள். பனி உடைந்து பல வண்டிகள் மூழ்கின. அந்த நினைவோடு பார்த்தால் அது வெறும் சிலையாகத் தெரியாது.

சார்லமேன் இந்த ஊரில் ஒரே நாளில் 4,500 பேரின் தலையை வெட்டினார் என்று படித்தேன். உண்மையா?

782ஆம் ஆண்டு நடந்ததாக, சார்லமேன் மன்னராக இருந்த ஃபிராங்கிய அரசவையின் ஆண்டுக்குறிப்புகளே அப்படித்தான் சொல்கின்றன. அவரை எதிர்த்து எழுந்த, இந்தப் பகுதியில் வாழ்ந்த சாக்சன் இனத்தாரைப் பிடித்து வந்து இங்கே கொன்றதாகப் பதிவு. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள், கொலை நடந்ததைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

ஊருக்கு வெளியே சாக்சன்ஹைன் என்ற தோப்பு இருக்கிறது. பாதையின் இரு பக்கமும் 4,500 பாறைகள், ஒரு பாறைக்கு ஓர் உயிர் என்ற கணக்கு. பார்த்ததும் ஏதோ ஆதிகாலத்து நினைவிடம் என்று தோன்றும், ஆனால் அவற்றை நட்டது 1930களில் நாஜிகள். சாக்சன்களைத் தங்கள் இனப் பெருமைக்கு முன்னோராகக் காட்ட இந்தச் சாவுகளை எடுத்துக்கொண்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், தெரியாமல் போய் அழகான மரநிழல் என்று படம் எடுத்துப் போடுவது எனக்கு உறுத்துகிறது. இப்போது அந்த வளாகம் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் இளைஞர் பயிற்சி இடமாக இருக்கிறது.

பெற்றோரை அழைத்துக்கொண்டு பிரேமனிலிருந்து வருகிறோம். ஒரு நாள் போதுமா? அப்பாவால் அதிகம் நடக்க முடியாது.

போதும். பிரேமனிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம் போல ஆகும். மூன்று பேர் என்றால் லோயர் சாக்சனி நாள் டிக்கெட் எடுங்கள், ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம், வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடக்கிற தூரம்தான், தரையும் சமதளம்.

பேராலயத்தைத் தேட வேண்டியதே இல்லை, பச்சை பூத்த செம்புக் கூரை எங்கிருந்தும் தெரியும். 1290இல் தொடங்கி 1490இல் முடிந்த வேலை. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஒரே உயரத்தில் எழும்பியிருப்பதால் உள்ளே வெளிச்சம் நிறைந்து கிடக்கும், அப்பாவை அங்கே ஓர் இருக்கையில் உட்காரவையுங்கள். பக்கத்திலேயே டோம்ஹெர்ரன்ஹவுஸ் என்ற வரலாற்று அருங்காட்சியகம். குதிரை ஊரில் யானையா என்று கேட்காதீர்கள்: அருகிலுள்ள லேரிங்கன் கிராமத்தில் 1948இல் தோண்டும்போது, நேரான தந்தமுள்ள ஒரு பழங்கால யானையின் எலும்புக்கூடும் அதனோடு சேர்ந்து ஒரு மர ஈட்டியும் கிடைத்தன. ஏறக்குறைய 1,20,000 ஆண்டு பழமை, நியாண்டர்தால் மனிதர் வேட்டையாடியது. நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் தொடக்கம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடப்பதாகச் சொல்லப்படும் டோம்வைஹ் திருவிழா அப்போதுதான், ஊர் முழுக்கக் கூட்டம் இருக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் மே மாதம், குட்டிகள் தாயோடு புல்வெளியில் நிற்கும். ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் லேட்டாரே ஞாயிறை அடுத்த திங்கட்கிழமை போனால் நகர மன்றத்தின் முன் ரொட்டியும் ஹெரிங் மீனும் இலவசமாகக் கொடுப்பதைப் பார்க்கலாம், ஸ்டோர்டபேக்கர் என்ற கடற்கொள்ளையன் ஏற்படுத்திய தானம் என்பது ஊர்க்கதை. இலையுதிர் காலம் என்றால் செல்லேயில் பொலிகுதிரை அணிவகுப்பு நடக்கும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

சைவம் கிடைக்குமா?

ஏப்ரலிலிருந்து ஜூன் 24 வரை கவலையே இல்லை, வெள்ளை அஸ்பாரகஸ் பருவம். உருளைக்கிழங்கோடு கொடுப்பார்கள். பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், சாஸில் முட்டை இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆற்றோரம் நடக்கும்போது வேலிக்கு அந்தப்பக்கம் குதிரைகள் நின்றால் கேரட், ரொட்டி கொடுக்கலாமா? குழந்தைகள் ஆசைப்படுவார்கள்.

கொடுக்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத எதையாவது தின்றுவிட்டால் அது உள்ளேயே இருந்து வயிற்றுவலியாக மாறும், அதில் குதிரை செத்தே போகலாம். ரொட்டி கெடுதல், வெட்டிக் குவித்த புல்வெளிப் புல் அதைவிடக் கெடுதல், ஏனென்றால் அது சீக்கிரம் புளித்துப்போகும். சில குதிரைகளுக்குக் குளம்பு நோய் இருக்கும், அவற்றுக்கு இனிப்பான ஓர் ஆப்பிள்கூட ஆகாது, அது வேலிக்கு வெளியே நிற்கும் நமக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஒரு துண்டு, உங்களுக்குப் பின்னால் வருகிறவர் ஒரு துண்டு என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனால் கணக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். வேலியில் மின்சாரமும் ஓடும்.

உரிமையாளர் அருகில் இருந்தால் கேளுங்கள். அவர் சரி என்றால், விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைத் தட்டையாக விரித்து நீட்டக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், பின்பக்கமாகப் போகாமல் குதிரை பார்க்கிறபடி பக்கவாட்டிலிருந்து மெதுவாக வரச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் வேலிக்கு ஓரடி தள்ளிப் பேசாமல் நின்றால் போதும், பெரும்பாலும் அதுவே காதை முன்னால் திருப்பிக்கொண்டு உங்களைப் பார்க்க வரும்.