சோறு வைத்தால் நாய் எனக்குச் சொந்தமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு காலனியில் தனியாக வசிக்கிறேன். நான்கு தெரு நாய்களுக்கு ஆறு வருடமாக ராத்திரி கேட்டுக்கு வெளியே சோறு வைத்து வருகிறேன். போன மாதம் அதில் ஒன்று, எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையனைக் காலில் கடித்துவிட்டது. "சோறு போடுதது நீங்க, அப்பம் நாயும் உங்க நாய்தான?" என்று அவன் அப்பா தனியார் ஆஸ்பத்திரிச் செலவு 15,000 ரூபாய் கேட்கிறார். காலனி நலச் சங்கத்தார் ஒரு காகிதம் எழுதி வந்தார்கள். 'இந்த நாய்களுக்கு நானே பொறுப்பு, இனி யாரைக் கடித்தாலும் செலவை ஏற்கிறேன்' என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் நாய்களைச் சாக்கில் கட்டி ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் விட்டுவிடுவார்களாம். பின்வீட்டில் மாடு வைத்திருக்கும் அண்ணாச்சி, "சோத்துல மருந்த வச்சா ஒரே நாள்ல தீந்துரும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசியே போட்டிருக்கிறார். அவருடைய மாடுகள் என் வீட்டு வாழையைத் தின்றது தனிக்கதை. நான் என்ன செய்ய? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அம்மா, வக்கீலாகச் சொல்கிறேன், முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் வழக்கு முழுவதும் ஒரு சொல்லில்தான் நிற்கிறது. 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெரு நாயை 'சமூக விலங்கு' என்கின்றன. யாரும் உரிமை கோராமல் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளரும் விலங்கு என்று அதற்கு அர்த்தம். உரிமை கோராத வரைதான் அது சமூக விலங்கு. இன்னொரு பக்கம், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு இருக்கிறது. தன் வசமுள்ள ஒரு விலங்கால் மற்றவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே முக்கியமான சொல் 'தன் வசமுள்ள'. தெருவில் பிறந்து தெருவில் படுத்து ராத்திரி ஒரு வேளை உங்கள் வாசலில் தின்றுவிட்டுப் போகிற நாயை உங்கள் வசம் உள்ளது என்று சொல்வது கடினம். சோறு வைத்தாலே உரிமையாளர் ஆகிவிடுவார் என்று இந்த விதிகளில் எங்கும் இல்லை. ஆனால் சங்கத்தார் கொண்டுவந்த காகிதம் அந்தக் கடினமான வேலையை அவர்களுக்குப் பதிலாக நீங்களே செய்து கொடுப்பது மாதிரி. நீங்களே எழுத்தில் உரிமை கோரிய பிறகு, நாளை எந்த நாய் எந்தத் தெருவில் யாரைக் கடித்தாலும் அந்தத் தாள் உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

சரி, அப்படியானால் உங்கள் மேல் தப்பே இல்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன். அந்தப் பையனின் அப்பாவுக்கு நான் வக்கீலாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத்தான் முதலில் தேடுவேன். 'என் பிள்ளைகள்', 'எங்கள் வீட்டுக் காவல்காரர்கள்' என்று நாய்ப் படம் போட்டிருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். பெல்ட் மாட்டியிருக்கிறீர்களா, மழைக்கு உள்ளே விட்டுக் கேட்டைப் பூட்டியிருக்கிறீர்களா, மாட்டாஸ்பத்திரிச் சீட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பாசமாகச் செய்ததெல்லாம் குறுக்கு விசாரணையில் 'வசம் வைத்திருந்தது' என்று மாறிவிடும். இதில் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள். வக்கீலிடம் மறைத்தால் பிறகு கோர்ட்டில்தான் தெரியவரும்.

இரண்டாவது விஷயம் உங்களுக்குப் பிடிக்காது. கேட்டுக்கு வெளியே தெருவில் சோறு வைப்பதை இப்போதைக்கு நிறுத்த வேண்டும். 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓர் உத்தரவு போட்டது. அதற்கு 11 நாள் முன்னால் இரண்டு நீதிபதிகள் அமர்வு, டெல்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று சொல்லியிருந்தது. அதைத்தான் இந்த அமர்வு திருத்தியது. கருத்தடை செய்து, புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததையும், பிடித்திருக்குமோ என்று சந்தேகப்படுவதையும், ஆளைப் பாய்ந்து கடிக்கும் குணமுள்ளதையும் விடக்கூடாது. கூடவே, ஒவ்வொரு வார்டிலும் உள்ளாட்சி அமைப்பு உணவிடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும், அந்த இடம் தவிரத் தெருவில் சோறு போடக் கூடாது, போட்டால் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னது. டெல்லிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்ததும் அந்த உத்தரவுதான்.

ஆக, சோறு வைப்பது குற்றமில்லை. வைக்கும் இடம்தான் பிரச்சினை. 2023 விதிகளிலேயே இது இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடம், மாடிப்படி, ஆட்கள் வந்துபோகும் வாசல் இவற்றுக்குத் தள்ளி, குழந்தைகளும் வயசானவர்களும் அதிகம் நடமாடாத மூலையில், அவர்கள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து வைக்க வேண்டும். வைத்த இடத்தைச் சுத்தமும் செய்ய வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தை ஏற்பாடு செய்யும் கடமையை விதி யார் தலையில் வைக்கிறது தெரியுமா? குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலையிலும் உள்ளாட்சியின் தலையிலும். உங்களிடம் காகிதம் நீட்டிய அதே சங்கம்தான். இதில் தகராறு வந்தால் கால்நடை அலுவலர், போலீஸ், விலங்கு நல அமைப்பு, சங்கம், புகார் செய்தவர் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிக்க ஒரு குழு அமைக்கவும் அதே விதிகளில் இடம் இருக்கிறது.

ஆகையால் நீங்கள் எழுத வேண்டிய மனு திருநெல்வேலி மாநகராட்சி ஆணையருக்கு. நகல் ஒன்று உங்கள் மண்டல அலுவலகத்துக்கு, இன்னொன்று உங்கள் வார்டு கவுன்சிலருக்கு. ஒரு பக்கம் போதும். எங்கள் தெருவில் நான்கு தெரு நாய்கள் உள்ளன, யாருக்கும் சொந்தமானவை அல்ல, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும், இன்ன தேதியில் ஒரு குழந்தையைக் கடித்த நாயைத் தனியாகக் கவனிக்க வேண்டும், உணவிடம் ஒன்றைக் குறித்துத் தர வேண்டும். 'யாருக்கும் சொந்தமானவை அல்ல' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். உணவிடத்துக்கு நீங்களே ஒரு மூலையைச் சொல்லலாம். ஆனால் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிச் சொல்லாதீர்கள். பாளையங்கோட்டையில் திரும்பின பக்கமெல்லாம் பள்ளிக்கூடம் என்பதால் சொல்கிறேன். 2025 நவம்பர் 7 உத்தரவின்படி பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது. உங்கள் நாய்கள் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

மனுவை நேரில் கொடுத்தால் முத்திரை வைத்த நகல் வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட். பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லையா, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இன்னொரு மனு. அதன் பிறகு, என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த மூன்று தாளும் கையில் இருந்தால்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அதிகாரிகளைக் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் மனு) போடும்போது நீதிபதி முகம் கொடுத்துக் கேட்பார். நேராக ரிட்டுக்கு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் 'மனு கொடுத்துவிட்டு வாருங்கள்' என்ற ஒரு வரி உத்தரவோடு திரும்பி வருகிறார்கள்.

நாய்களைக் கோணியில் கட்டி ரெட்டியார்பட்டிப் பக்கம் விடுவது சங்கத்தின் அதிகாரத்தில் இல்லை. பிடிப்பதும் விடுவதும் மாநகராட்சியோ அது அனுமதித்த அமைப்போ விதிப்படி செய்ய வேண்டிய வேலை. வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவதை விதியே தடுக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டாலும் சட்டம் அதற்கு வளையாது. அது தவிர, நாலு நாயை அப்புறப்படுத்தினால் அந்த இடத்துக்குக் கருத்தடை ஆகாத வேறு நாலு வரும். இதைச் சங்கத் தலைவரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சட்டம் சொல்லி மிரட்டுவதைவிட இது எடுபடும்.

மருந்து வைப்பேன் என்ற பேச்சு வேறு ரகம். விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிராணி 10 ரூபாய் பெறுமா, 50 ரூபாய் பெறுமா என்று மதிப்புப் பார்த்துத் தண்டனை மாறும். தெரு நாய்க்கு என்ன விலை சொல்ல என்று கோர்ட்டில் திணறியதெல்லாம் உண்டு. 2024 ஜூலை முதல் அந்த விலைக் கணக்கு கிடையாது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது, ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்; இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக்கே காணாது. அதனால் புகாரில் 325ஐ முன்னால் வையுங்கள். அந்தக் குரல் பதிவு வந்த போனை மாற்றாதீர்கள், குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவில் சான்றிதழ் வேண்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இப்போதைக்கு ஸ்டேஷனில் ஒரு தகவல் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்தால் போதும். அண்ணாச்சி பேச்சோடு விட்டுவிடுகிற ஆளாகவும் இருக்கலாம். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனால் அநேகமாக அடங்கிவிடுவார்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். 15,000 ரூபாயை விட முக்கியம் அவனுக்கு ஊசி முழுசாகப் போட்டார்களா என்பது. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். காயம் சரியாகிவிட்டது என்று 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. நீங்களே போய்க் கேளுங்கள். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் பணம் கொடுக்கும் சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. ஆனாலும் ஆறு வருடமாக வாசலில் நாய் கூடியதற்கு உங்கள் தட்டும் ஒரு காரணம்தானே? மனசு வந்தால் ஏதாவது கொடுங்கள். கையில் கொடுக்காமல் பேங்க் மூலம் அனுப்பி, 'மனிதாபிமான உதவி, பொறுப்பை ஏற்றதாகாது' என்று ஒரு வரி எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். தெரு நாய் கடித்ததற்கு உள்ளாட்சியிடம் இழப்பீடு கேட்க அவருக்கும் வழி உண்டு. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். அவருடைய கோபத்தை உங்கள் கேட்டிலிருந்து மாநகராட்சிப் பக்கம் திருப்ப இதைச் சொல்லலாம்.

கடித்த நாயை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவேளை யோசிப்பீர்கள். தத்தெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எடுத்தால் அது முழுக்க உங்கள் நாய். மறுபடி தெருவுக்கு வரக்கூடாது, 291ஆவது பிரிவும் உங்கள் மேல் முழுசாக வரும். கடிக்கிற குணம் உள்ளதை இந்த வயசில் தனியாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். சாதுவாக இருக்கிற ஒன்றை எடுத்தால் சந்தோஷம்.

கடைசியாக வாழை. 1871ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் இடத்தில் புகுந்து பயிரைச் சேதம் செய்யும் மாட்டை நீங்கள் பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு, அதாவது பிடித்த மாடுகளை அடைக்கும் பட்டிக்கு, அனுப்ப வேண்டும். பிடிப்பதைத் தடுத்துப் பலவந்தம் செய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படிக்க நன்றாக இருக்கும். கறவை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பவுண்டைத் தேடி நடப்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அடுத்த தடவை மாடு உள்ளே வந்தால் தேதி, நேரம் தெரியப் படம் எடுத்து மாநகராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள். தெருவில் திரியும் மாட்டைப் பிடிக்கும் வேலை அவர்களுடையது. 291ஆவது பிரிவு நாய்க்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் பொருந்தும் என்பதை அண்ணாச்சி காதில் யாராவது போட்டு வைத்தால் நல்லது. அவருடைய மாடுகள் அவர் வசம் உள்ளவைதான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

நேரில் வரும்போது சங்கத்தார் கொண்டுவந்த காகிதத்தின் போட்டோ, அந்தக் குரல் பதிவு இருக்கும் போன், நாய்களுக்கு எப்போதாவது வைத்தியம் பார்த்த சீட்டு இருந்தால் அது, மூன்றையும் கொண்டு வாருங்கள்.