பதில்: டிஎன்ஏ வரிசையிலிருந்து புரதத்தை எழுதும்போது ஐந்தாவது கோடானிலேயே (மூன்றெழுத்துக் குறி) புரதம் நின்றுவிடுகிறதே, ஏன்?

நீங்கள் கொடுத்திருக்கும் 3′ டிஏசி சிஏசி ஜிடிஏ ஜிஏசி டிஜிஏ ஜிஜிஏ சிடிசி சிடிசி 5′ என்பது பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினின் ஒரு புரதப் பகுதி) மரபணுவின் வார்ப்பு இழை, அதாவது ஆர்என்ஏ உருவாக அச்சாக இருக்கும் டிஎன்ஏ இழை. அதில் டிஎன்ஏ எழுத்தான 'டி'யை ஆர்என்ஏ எழுத்தான 'யூ' என மாற்றி நேரடியாகக் கோடான் அட்டவணையில் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் ஐந்தாவதாக யூஜிஏ என்ற நிறுத்தக் கோடான் வந்தது. புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் வார்ப்பு இழையைப் படிப்பதே இல்லை; அதற்கு எதிரிணையாக உருவாகும் எம்ஆர்என்ஏவைத்தான் (தூது ஆர்என்ஏ) படிக்கிறது.

ஏ-க்கு யூ, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி எனப் போட்டு எழுதுங்கள்: 5′ ஏயூஜி ஜியூஜி சிஏயூ சியூஜி ஏசியூ சிசியூ ஜிஏஜி ஜிஏஜி 3′. இப்போது அமினோ அமிலங்கள் மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், த்ரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம் இரண்டு என்று சரியாக வரும். ஏயூஜியில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். வினாத்தாளில் வார்ப்பு இழையின் 5′ முனை இடப்பக்கம் இருந்தால், முழு வரிசையையும் திருப்பி எழுதிய பிறகே இணை போட வேண்டும்.

அரிவாள் செல் சோகையில் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் பெறும் மரபு நோய்) வார்ப்பு இழையின் முதல் சிடிசி, சிஏசி ஆகிறது. எம்ஆர்என்ஏவில் ஜிஏஜி ஜியூஜியாகி, குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வருகிறது. உங்கள் கணக்கில் அது ஏழாவது இடம். புத்தகத்தில் ஆறு என்றிருக்கும். தொடக்க மெத்தியோனின் பிறகு வெட்டப்படுவதால் அதைச் சேர்த்து எண்ணுவதில்லை.