பழைய எம்ஜி காரும் பதினாறு பவுன் அடகும்

கேள்வி: காரைக்குடியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். வயது 46. கானாடுகாத்தானில் எங்கள் பொது வீட்டில், ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த 1948 எம்ஜி டிசி கார் நிற்கிறது. பங்காளிகள் நான்கு பேருக்கும் பொது. ஊரில் இருப்பவன் நான் என்பதால் பராமரிப்பு என் தலையில். அதற்காக மனைவியின் 16 பவுனை அடகு வைத்து, மூன்று வருடமாகத் திருப்பி திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பழைய கார் கிளப்பில் சென்னை முதல் கொடைக்கானல் வரை ராலி. 3 லட்சம் ஆகும். சென்னையில் இருக்கும் பெரியண்ணன், “நம்ம வீட்டு வண்டி இல்லாம ராலியா? நீ செலவு பண்ணு தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ராலிக்குப் போவது பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இந்த மறு அடகு நிற்க வேண்டும்.

உங்கள் கடிதத்தோடு வந்த ரசீதுகளை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். முதல் வருடம் மரச்சட்டம், பெயின்ட் வேலைக்கு 2.5 லட்சம். 14 சதவீத வட்டி 35,000 சேர்ந்து 2.85. அடுத்த வருடம் இன்ஜினுக்கு 1.2 லட்சம் கூடுதலாக வாங்கினீர்கள்; 4.05. அதற்கு வட்டி 57,000. மூன்றாம் வருடம் கம்பிச் சக்கரத்துக்கும் டயருக்கும் 1 லட்சம்; அந்த வருட வட்டி 79,000. எல்லாம் சேர்ந்து இன்று 6.41 லட்சம். காருக்குப் போனது 4.7 லட்சம்தான். மிச்சம் 1.71 லட்சம் முழுக்க வட்டி. அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் கையிலிருந்து போகவில்லை என்பதால் உங்களுக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தங்கம் ஏறியது, அடகுக் கடைக்காரர் புதுக் கடனிலிருந்தே பழைய வட்டியைக் கழித்துக்கொண்டார். உங்கள் மனைவியின் நகைக்கு ஏறிய விலையை அவரைக் கேட்காமலே காருக்குச் செலவு செய்துவிட்டீர்கள். இன்னும் 3 லட்சம் வாங்கினால் 9.41 லட்சம். அடுத்த வருட வட்டி மட்டும் 1.32 லட்சம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதினாறு பவுன் யாருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாடகை யோசனையையும் பார்த்துவிடுவோம். கல்யாண ஊர்வலத்துக்கும் படப்பிடிப்புக்கும் காரை விட்டால் கடன் அடைந்துவிடும் என்கிறீர்கள். உங்கள் கார் 2021ல் வந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான விஏ வரிசையில் பதிவானது. ராலிக்கும் கண்காட்சிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலையில் எடுக்கலாம். தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆகவே வராத வருமானத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

தங்கக் கடனில் கூடுதலாகக் கிடைப்பதில் ஒரு பங்கை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் 12 சதவீதம் வரும், அதிலேயே வட்டியைக் கட்டலாம் என்று அண்ணன் மகன் சொல்கிறாராம். இந்தப் பேச்சை இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிறேன். வரும் என்பது நம்பிக்கை. 14 சதவீதம் கட்டுவது உறுதி. சந்தை இறங்கிய வருடத்தில் நகையை ஏலத்துக்கு விடவேண்டி வந்தால் அந்தத் தம்பியா வந்து மீட்பார்?

சரி, என்ன செய்வது? 6.41 லட்சத்தை நான்காகப் பிரியுங்கள். ஆளுக்கு 1.6 லட்சம். மூன்று பேரிடமிருந்தும் வரவேண்டியது 4.8 லட்சம். வந்தால் உங்களுக்கு மிஞ்சும் கடன் 1.6 லட்சம், கடையிலிருந்து மாதம் 15,000 எடுத்தால் ஒரு வருடத்தில் நகை பெட்டகத்துக்குத் திரும்பிவிடும். வராவிட்டால் அதே 15,000 கட்டி ஐந்து வருடம் ஆகும். பங்காளிகளிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்த உங்கள் முன்னோர் தங்களுக்குள் கொடுத்து வாங்கிய பணத்துக்கும் வட்டி எழுதினார்கள். உறவு அதனால் கெடவில்லை. எழுதாமல் விட்ட கணக்கில்தான் மனக்கசப்பு வளரும். ரசீதுகளைப் படம் எடுத்து, ஒரு பக்கத்தில் கணக்கெழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வட்டியையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதற்குள் இந்தக் கடனை வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள். வட்டி நான்கு சதவீதம் குறைந்தாலே வருடத்துக்கு 25,000 மிச்சம். அங்கே போய் தொகையை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

ராலிக்கான 3 லட்சமும் நான்கு பங்குதான், ஆளுக்கு 75,000. நுழைவுக் கட்டணம் கட்டும் தேதிக்கு முன்னால் மூன்று பேரின் பணமும் வந்தால், உங்கள் பங்கைக் கடைச் சேமிப்பிலிருந்து போட்டுக் கிளம்புங்கள். பெரியண்ணனையே பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். வராவிட்டால் இந்த வருடம் கார் முகப்பிலேயே நிற்கட்டும். எழுபது வருடத்துக்கு மேல் இருந்த வண்டி இன்னும் ஒரு வருடத்தில் எங்கும் போய்விடாது.

போவதாக இருந்தால் ஒன்று. உங்கள் பட்டியலில் அறைக்கும் நுழைவுக்கும் 1.1 லட்சம், காரைச் சென்னைக்கு லாரியில் ஏற்றிப்போய் வர 60,000, மெக்கானிக்குக்கு 40,000, பிரேக், பெட்ரோல் குழாய் வேலைக்கு 90,000. செலவைக் குறைக்க இந்தக் கடைசித் தொகையைப் பாதியாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. டிசிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது அது சூடேறும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி, உப்பி, கசியும். அந்தக் கசிவு சூடான இன்ஜின் பக்கத்தில். 90,000ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நட்சத்திர ஓட்டலை விட்டுச் சாதாரண லாட்ஜில் தங்குங்கள்.