கேள்வி எங்கள் வாசகருடையது: ஆட்டுக்குட்டி, புலி, அப்புறம் ஒரு மருதமரம்

(பதில் சொல்பவர்: மதுரையில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை)

கல்லூரி மாணவி, உசிலம்பட்டி: ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ என்றால் குழந்தைப் பருவம், ‘அனுபவப் பாடல்கள்’ என்றால் பெரியவர்கள் உலகம்; ஆட்டுக்குட்டி நல்லது, புலி கெட்டது என்று கைடில் இருக்கிறது. பரீட்சையில் இப்படியே எழுதலாமா, மேடம்?

எழுதும்மா, மார்க் வரும். ஆனால் பிளேக் ஒத்துக்கொள்ள மாட்டார். 1789-இல் கள்ளமின்மைப் பாடல்களைத் தனியாகக் கொண்டுவந்தவர், 1794-இல் அனுபவப் பாடல்களையும் சேர்த்து ஒரே புத்தகமாக்கினார். அதன் முகப்பில் ‘மனித ஆன்மாவின் முரண்பட்ட இரண்டு நிலைகள்’ என்றுதான் போட்டார். வயசு பற்றிப் பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்தில் அடைபட்டுப் புலம்பும் பையனின் பாட்டு முதலில் கள்ளமின்மையில்தான் இருந்தது. பிற்பாடு அதைத் தூக்கி அனுபவத்தில் போட்டுவிட்டார். எழுதியவரே இப்படி இடம் மாற்றிக்கொண்டிருக்க, கைடு போட்டவர் மட்டும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்.

ஆட்டுக்குட்டிப் பாட்டில் ஒரு குழந்தை, ‘உன்னைப் படைத்தது யார் தெரியுமா?’ என்று கேட்டுத் தானே பதிலும் சொல்கிறது: அவரும் தன்னை ஆட்டுக்குட்டி என்று சொல்லிக்கொண்டவர்தான். இயேசுவைச் சொல்கிறது. இதை நடத்தும்போது திருமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன், “அப்ப இது நேர்ந்துவிட்ட குட்டி, மேடம்” என்றான். முனியாண்டி கோயில் திருவிழாவில் கிடா வெட்டிப் பிரியாணி போடும் வடக்கம்பட்டி அவன் ஊருக்குப் பக்கம். அந்தப் பாட்டின் அடியில் கிடக்கும் கத்தி அவனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. புலிப் பாட்டிலோ கேள்விகள் மட்டும்தான், ஒன்றுக்கும் பதில் கிடையாது. ‘ஆட்டுக்குட்டியைப் படைத்தவனா உன்னையும் படைத்தான்?’ என்று கேட்கிறாரே தவிர, புலி கெட்டது என்று எங்கேயும் சொல்லவில்லை. கூடவே அவர் வரைந்த புலி, பல பிரதிகளில் துணிப்பொம்மை மாதிரி சாதுவாக நிற்கிறது!

ஓய்வு பெற்ற தபால் ஊழியர், மேலூர்: புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றி ஒரே தலைப்பில் பிளேக் இரண்டு பாட்டு எழுதியிருக்கிறாராமே. ஒன்று போதாதா?

போதாது சார். லண்டன் வீடுகளின் குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டச் சின்ன உடம்புதான் தோதுப்படும். அதனால் ஏழைப் பிள்ளைகளை விலைக்கு வாங்கி ஏற்றினார்கள். எட்டு வயது ஆகாதவர்களை ஏற்றக் கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது. அது ஏட்டிலேயே கிடந்தது. அடுத்த வருஷம்தான் முதல் பாட்டு வருகிறது.

அதில் பேசும் பையனுக்கு அம்மா இல்லை, அப்பா விற்றுவிட்டார். டாம் என்கிற புதுப் பையனுக்கு மொட்டை போடும்போது அவன் அழுகிறான். ‘அழாதே, மொட்டை போட்டால் உன் வெள்ளை முடியில் கரி ஒட்டாது’ என்று இவன் தேற்றுகிறான். அன்று ராத்திரி டாமுக்குக் கனவு. கறுப்புச் சவப்பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான பையன்களை ஒரு தேவதூதன் சாவி போட்டுத் திறந்துவிடுகிறான். ஆற்றில் குளிக்கிறார்கள், வெயிலில் காய்கிறார்கள். விடியுமுன் எழுந்து பையும் பிரஷுமாகக் குளிரில் வேலைக்குக் கிளம்புகிறார்கள். ‘அவரவர் கடமையைச் செய்தால் தீங்கு வராது’ என்று பாட்டு முடிகிறது.

இந்தக் கடைசி வரியை நான் நடத்தியபோது சாத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி சிரித்தாள். “வீட்ல தீப்பெட்டி ஒட்டுறப்ப எங்க அப்பத்தாவும் இதையேதான் சொல்லும் மேடம். வேலையை ஒழுங்காப் பாரு, ஒரு குறையும் வராதுன்னு.” விரலில் பசை காய்ந்து தோலோடு உரிந்து வருவதையும் சொன்னாள். தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு விலக்கும் அதே சட்டத்தில் இருந்தது. அப்பத்தா பொய் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள்.

இரண்டாவது பாட்டில் பனியில் கரிய உருவமாக ஒரு சிறுவன். அப்பா அம்மா எங்கே என்றால், சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள், சாமி கும்பிட. ‘நான் ஆடுவதையும் பாடுவதையும் பார்த்து, எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்’ என்கிறான். முதல் பையன் ஏமாளி, இவன் விவரமானவன் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாளிக்கு ஒரு டாம் இருக்கிறான், அழுகிறவனைத் தேற்ற வார்த்தை இருக்கிறது. விவரமானவன் பக்கத்தில் யாருமே இல்லை. ஒரு பாட்டை மட்டும் படித்தால் இந்த நஷ்டம் கண்ணில் படாது.

இன்னொன்று. முதல் பாட்டுப் பையன், ‘உங்கள் புகைபோக்கிகளைத்தான் துடைக்கிறேன்’ என்று நம்மைப் பார்த்தே சொல்கிறான். மாசி வீதிக் கடைகளுக்குக் கம்பி ஸ்டாண்டில் கிளாஸ் தூக்கி வரும் பொடியனிடம் “ஸ்கூலுக்குப் போகலையாடா?” என்று விசாரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிடுகிறோமே, அந்த நாம்தான்.

இல்லத்தரசி, வில்லாபுரம்: மாமனார் இறந்துவிட்டார். ஆறு வயது மகனிடம் ‘தாத்தா ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் வெகுளித்தனம் கெட்டுவிடும் என்கிறார் கணவர்.

நான் மனநல டாக்டர் இல்லை, பாட்டு நடத்தினவள். வேர்ட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலக் கவிஞர் 1798-இல் ‘நாங்கள் ஏழு பேர்’ என்று ஒரு கவிதை வெளியிட்டார். எட்டு வயதுச் சிறுமியிடம் ஒருவர், ‘நீங்கள் எத்தனை பேர்?’ என்று கேட்கிறார். ஏழு என்கிறாள். இரண்டு பேர் வெளியூரில், இரண்டு பேர் கடலில், இரண்டு பேர் கல்லறைத் தோட்டத்தில், அப்புறம் அவள். ‘அப்படியானால் ஐந்துதானே’ என்று அவர் கணக்குப் போடுகிறார். அவள் விடவில்லை, ஏழு என்றே நிற்கிறாள்.

குழந்தைக்குச் சாவு புரியவில்லை என்றுதான் இதை வழக்கமாக நடத்துவார்கள். சகோதரி படுக்கையில் முனகியதை அவள் பார்த்திருக்கிறாள். பனிக்காலம் வந்ததும் சகோதரனும் போனதைச் சொல்கிறாள். வீட்டு வாசலிலிருந்து பன்னிரண்டு காலடி தூரத்தில் இருக்கும் அந்தக் கல்லறைகளின் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னுகிறாள், ராச்சாப்பாட்டை அங்கேயே எடுத்துப்போய்ச் சாப்பிடுகிறாள். அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவர் கணக்குப் போட்ட பெரியவர்தான்.

தாத்தாவைத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதைச் சொல்லிவிடுங்கள். ‘ஊருக்கு’ என்று சொல்லி வைத்தால், நாளைக்கு நீங்கள் நிஜமாகவே ஊருக்குக் கிளம்பும்போது பையன் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் அவன் தாத்தாவையும் சேர்த்துச் சொல்வான். சொல்லட்டும், திருத்தாதீர்கள்.

தமிழாசிரியர், சோழவந்தான்: இதற்கெல்லாம் லண்டன் வரை போக வேண்டுமா? நம்மிடம் இல்லாததா?

வந்துவிட்டீர்களா ஐயா! இருக்கிறது: புறநானூறு 243, தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடும் பெண்களோடு கைகோத்து ஆடியது, ஒளிவுமறைவு அறியாத கூட்டாளிகள், நீருக்கு மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் திகைக்கத் துடுமென்று பாய்ந்தது, அடியில் போய் மணல் அள்ளி வந்தது. இன்றைக்கும் நம் பக்கத்துக் கிணறுகளில் அடிமண்ணோடு மேலே வந்து கையை விரித்துக் காட்டினால்தான் பையன்கள் ஒத்துக்கொள்வார்கள். இவ்வளவையும் நினைத்துப் பார்ப்பவர், கைத்தடி ஊன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் பேசும் கிழவர். அந்த இளமை இப்போது எங்கே என்கிறார், அவ்வளவுதான்.

1807-இல் அச்சான தம் பெரிய ‘ஓட்’ (ஒரு பொருளை நோக்கி உணர்ச்சியோடு பாடும் கவிதை வகை) ஒன்றில் வேர்ட்ஸ்வொர்த்தும் இதே துக்கத்தைத்தான் பாடுகிறார். ஆனால் போன ஒளிக்கு ஈடாக முதிர்ந்த சிந்தனை கிடைத்திருக்கிறது என்று கடைசியில் சமாதானம் ஆகிவிடுகிறார். நம் கிழவர் எந்த ஈட்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. என் ஓட்டு கிழவருக்கே. ஆங்கிலம் நடத்தினவள் இப்படிச் சொல்லலாமா என்று பழைய சகாக்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

வாசகர், அண்ணா நகர், மதுரை: பிளேக்கின் பாடல்களை எங்கே படிக்கலாம்?

எழுத்து மட்டும் போதுமென்றால் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு எதிலும் சில பாடல்கள் கிடைக்கும். ஆனால் பிளேக் செதுக்குத் தொழிலாளி. செப்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் சேர்த்தே செய்து, தானே அச்சடித்து, மனைவி கேத்தரினும் கூட உட்கார்ந்து கையால் வண்ணம் தீட்டியவர். ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது. அந்தப் பக்கங்களை இணையத்தில் ‘வில்லியம் பிளேக் ஆர்க்கைவ்’ இலவசமாகக் காட்டுகிறது. உள்ளங்கை அகலப் பக்கங்கள் என்பதால் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் புகைபோக்கிப் பாட்டின் அடியில் குட்டிக் குட்டியாகப் பையன்கள் இருக்கிறார்கள், போனில் பார்த்தால் எறும்பென்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள்.