மின்வாகன மோட்டாருக்கான சாமான்களை ஒரு வட்டாரத்துக்குள்ளேயே செய்துகொள்ள எது தடை?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "எங்கள் வட்டாரத்தில் விசிறி மோட்டார், பம்பு மோட்டார் செய்யும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் மின்வாகன மோட்டாருக்குப் பாதிச் சாமான் வெளியிலிருந்துதான் வருகிறது. இந்த விநியோகச் சங்கிலியை எப்படிப் பலப்படுத்துவது? தானாகவே காயில் சுற்றும் இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டால் ஆர்டர் கிடைக்குமா?"

கடைசி வரியைப் பார்த்தால் கடன் பத்திரம் மேசைமேல் தயாராக இருக்கிறது என்று தோன்றுகிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லையென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

நான் பட்டதாரி இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஸ்டேட்டர், அதாவது மோட்டாரில் அசையாமல் நிற்கும் காயில் பகுதி, சுற்றிக் கொடுக்கிறேன். கடைசி ஐந்து வருடமாக மின்வாகனங்களுக்கு ஸ்டேட்டரும், அதற்குள் சுழலும் ரோட்டரும் சேர்த்துச் செய்கிறோம். பேராசிரியர் யாராவது வந்து "இது முழுமையான பார்வை இல்லை" என்று எழுதக்கூடும். இல்லைதான். என் பட்டறை வாசலில் நின்றால் என்ன தெரியுமோ அதைத்தான் சொல்கிறேன்.

"மோட்டாரில் என்ன இருக்கிறது, இரும்பும் செம்பும்தானே" என்று பேசுபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்து இறங்கினேன். பம்பு மோட்டார் வாழ்நாள் முழுக்க 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. நான்கு ஜோடி துருவங்கள் உள்ள ஒரு வாகன மோட்டாரை நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓட்டினால், மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்த அதன் இரும்பு 800 ஹெர்ட்ஸைப் பார்க்கிறது. இரும்புக்குள் சுழலும் தேவையற்ற மின்னோட்டத்தால் ஏற்படும் இழப்பு, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் தகட்டுத் தடிமனின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறும். ஆகவே 0.5 மில்லிமீட்டர் தகடு போய் 0.35, 0.25 என்று மெலிகிறது. தகடு பாதியானால், அதை வெட்டும் அச்சான டையில் மேலிருந்து இறங்கும் வெட்டு முனைக்கும் (பஞ்ச்) கீழே இருக்கும் குழிக்கும் நடுவே விடும் இடைவெளியும் பாதியாக வேண்டும். பழைய டைக்காரரிடம் பழைய பிரஸ்ஸை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. ஓரத்தில் ஒரு பிசிறு நின்றுவிட்டால் பக்கத்துத் தகட்டைத் தொடும். தொட்ட இடம் சூடாகும். உருக்காலை வேண்டும் என்று எல்லோரும் முழங்குகிறார்கள். என்னைக் கேட்டால், முனை மழுங்கிய டையை அரை நாளில் தீட்டிக் கொடுக்கும் கை ஒன்று பக்கத்தில் இருப்பது உருக்காலையைவிட முக்கியம். தகடு கப்பலில் வரலாம். டையைக் கப்பலில் அனுப்பித் தீட்ட முடியாது.

கம்பியும் அப்படியே. 48 வோல்ட் இருசக்கர வாகனத்துக்குச் சாதாரண எனாமல் கம்பி போதும். 400, 800 வோல்ட் கார் மோட்டாரில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் அனுப்பும் வெட்டு வெட்டான மின்னழுத்தத்தில் அந்த எனாமல் கண்ணுக்குத் தெரியாத தீப்பொறிகளால் அரிக்கப்பட்டுப் போய்விடும். அதற்கென்று தனிப் பூச்சு உள்ள கம்பி இருக்கிறது. பேரிங்கைப் பற்றி இங்கே வேண்டாம், அது தனிப் புலம்பல்.

என் கதை காந்தத்தில் இருக்கிறது.

ரோட்டரில் பதிக்கும் வலுவான நியோடிமியம் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் கிரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென்று மேக்னிக்வெஞ்ச் என்ற பிரிவை ஏற்படுத்தி, 1995இல் சீன முதலீட்டாளர்கள் இருந்த ஒரு குழுவுக்கு விற்றது. அடுத்த பத்து வருடத்துக்குள் அமெரிக்காவில் இருந்த அதன் ஆலைகள் மூடப்பட்டன. இன்று உலகில் செய்யப்படும் இவ்வகைக் காந்தங்களில் பத்துக்கு ஒன்பது சீனாவில் செய்யப்படுகின்றன. ஒரு கார் மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ காந்தம் போதும். அந்த ஒன்றிரண்டு கிலோ வராவிட்டால் கார் நகராது.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. நியோடிமியம் அந்தப் பட்டியலில் இல்லை. டிஸ்புரோசியமும் டெர்பியமும் இருந்தன. சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் இருக்கச் சிறிதளவு சேர்ப்பது இவற்றைத்தான். அவை கலந்த காந்தமும் உரிமத்துக்குள் அடங்கியது. அதாவது, குளிர்ந்த இடத்தில் இருக்கும் காந்தம் தாராளமாக வரும், மோட்டாருக்குள் வேகும் காந்தம் துறைமுகத்தில் நிற்கும். நான் ரோட்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரி தினமும் காலை ஒன்பது மணிக்கு அழைக்க ஆரம்பித்தார்.

அப்போது ஒரு வியாபாரி வந்தார். "ஐயா, கையிருப்பு இருக்கிறது, உரிமம் எதுவும் தேவையில்லை" என்றார். சான்றிதழில் 42 எஸ்எச் என்று இருந்தது. 42 என்பது காந்தத்தின் வலு, பின்னால் வரும் எழுத்து சூடு தாங்கும் தரம். எஸ்எச் என்றால் 150 டிகிரி வரை தாங்க வேண்டும். வெறும் எச் என்றால் 120. உரிமம் தேவையில்லை என்று அவர் சொன்னதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. நிக்கல் பூச்சில் இரண்டும் ஒரே பளபளப்பு. அளவு சரி, பூச்சு சரி, காந்த வலுவை அளக்கும் காஸ் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் சரி. சாதாரண வெப்பத்தில் 42 எச்சும் 42 எஸ்எச்சும் ஒரே வலுதான் காட்டும். வித்தியாசம் வேகும்போதுதான் வெளியே வரும்.

வந்தது. அந்தக் காந்தம் போட்ட மோட்டாரோடு, பாரம் ஏற்றிய வண்டியைக் கம்பெனிக்காரர்கள் நீண்ட மேட்டில் ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். கீழே இறங்கிய பிறகு இழுவை குறைந்திருந்தது. மோட்டார் ஆறிய பிறகும் திரும்பவில்லை. ரோட்டரை ஒரே வேகத்தில் வெளியிலிருந்து சுழற்றி ஸ்டேட்டரில் எழும் மின்னழுத்தத்தை அளந்தால், முதலில் இருந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. "உங்கள் வைண்டிங் கோளாறு" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. மூன்று வாரம் எங்கள் காயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி மின்தடை, காப்பு, சர்ஜ் சோதனை என்று எல்லாம் செய்து காட்டினோம். எதுவும் தவறில்லை, ஆனாலும் தவறு எங்களுடையது.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் வைண்டிங் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கும் ஓர் அக்கா. "தம்பி, என் ஸ்டேட்டரையே கிள்ளிக்கொண்டிருக்கிறீர்களே, பழைய ரோட்டர் ஒன்றை இதற்குள் போட்டுப் பாருங்களேன்" என்றார். போட்டோம். மின்னழுத்தம் முழுதாகத் திரும்பியது. பத்து நிமிட வேலை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

இங்கே கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனி எங்கள் பட்டறையைத் தணிக்கை செய்து கொடுத்த அறிக்கையில், வைண்டிங் பிரிவுப் பெண்கள் அனைவரும் "திறன் தேவைப்படாத பணியாளர்" என்ற கட்டத்தில் இருக்கிறார்கள். காயிலின் தலைப்பகுதியைக் கம்பி நசுங்காமல் விரலாலேயே அமுக்கி, ஷாஃப்ட்டுக்கு வழிவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் உயரம் மிச்சம் பிடிப்பவர்களுக்கு அந்தக் கட்டம். கணினியில் அட்டவணை நிரப்பியவர் திறன் உள்ளவர். திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். "படிவத்தில் வேறு கட்டம் இல்லை" என்று பதில் வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, காந்தம். ரோட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தாலும் அதைத் தாளில் காட்ட வேண்டும். அதற்குக் காந்தத்தைச் சுடவைத்து, எதிர்க்காந்தப் புலத்தை அது எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும் பி-எச் வளைகோடு வரையும் கருவி வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மோட்டார் பட்டறைகள் தடுக்கி விழுந்தால் ஒன்று. அந்தக் கருவி ஒன்றுகூட இல்லை. வெளியே அனுப்பினோம். சோதனைக்கு அரை நாள், வரிசையில் காத்திருக்க ஐந்து வாரம். 150 டிகிரியில் அந்தக் காந்தம் எதிர்க்காந்தப் புலத்துக்கு ஈடுகொடுக்காமல் சரிந்துபோனதை வளைகோடு தெளிவாகக் காட்டியது.

இனி உண்மையான வயிற்றெரிச்சல். அதற்கு இரண்டு வருடம் முன்பே எங்கள் பக்கத்திலேயே ஒருவர் சிறிய உலை வைத்து இந்தக் காந்தத்தைச் செய்துகொண்டிருந்தார். பொடி வெளியிலிருந்து வரும். அழுத்துவது, சுடுவது, அறுப்பது, பூசுவது எல்லாம் அவர். டிஸ்புரோசியத்தை உடம்பு முழுக்கக் கலக்காமல் மேற்பரப்பிலிருந்து துகள்களின் விளிம்புக்குள் ஊடுருவவிடும் முறையைக் கற்றுவந்திருந்தார். அதனால் அந்தச் சரக்கு கொஞ்சமே போதும். அவருடைய சாம்பிளை நானே அந்தக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். வடிவமைப்புப் பொறியாளர் நல்லவர், ஆசையாகப் பார்த்தார், மேசை இழுப்பறையில் வைத்தார். வைத்ததோடு சரி. காரணம், வரைபடத்தின் கீழ்மூலையில் ஒரு வரி: காந்தம் இன்ன வெளிநாட்டு உற்பத்தியாளரிடமிருந்து மட்டும். அந்த வரியை மாற்றினால் மோட்டாரை மறுபடி சூட்டிலும் அதிர்விலும் போட்டு மாதக்கணக்கில் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். யார் தலையில் அந்தச் செலவு, யார் பெயரில் அந்த அபாயம்? வரி அப்படியே இருந்தது. காந்தக்காரர் ஒன்றரை வருடம் பார்த்துவிட்டு உலையை அணைத்தார். துறைமுகம் அடைபட்ட மாதத்தில் அதே கொள்முதல் அதிகாரி என்னிடம், "உள்ளூரில் ஒருவர் இருந்தாரே, அவர் எண் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அதனால்தான் மானியம், தொழிற்பூங்கா என்ற பேச்சை நான் பாதிதான் கேட்கிறேன். எங்களிடம் சங்கிலியின் கண்ணி இருந்தது. ஒரு சோதனை ஆர்டர் இல்லாமல் செத்தது. வாங்குகிறவர் தன் வரைபடத்தில் இரண்டாவது பெயருக்கு இடம் விட்டு, அந்தப் பெயரைச் சோதிக்கும் செலவைத் தானும் பங்கிட்டுக்கொண்டால்தான் பக்கத்தில் இருப்பவன் உள்ளே வர முடியும். அதோடு பட்டறைகள் சேர்ந்து அந்த பி-எச் கருவியையும் தகட்டு இழப்பை அளக்கும் கருவியையும் பொதுவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் "எல்லாமே உள்ளூரில் செய்ய வேண்டும் என்கிற குறுகிய மனது" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஐயா, தாது நிலத்தடியில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும், பொடி வெளியிலிருந்தே வரட்டும். கெட்டுப்போனால் ஒரே நாளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் செய்கிறவன் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"காந்தமே இல்லாத மோட்டார் செய்யலாமே" என்றும் கேட்பார்கள். செய்யலாம். ரெனோ ஸோயி காரில் ரோட்டரிலும் செம்புக் காயில்தான். பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ்3யிலும் அதே வழி. டெஸ்லா மாடல் எஸ் 2012இல் வந்தபோது காந்தமில்லாத இண்டக்ஷன் மோட்டாரோடு வந்தது. ரோட்டரில் காயில் என்றால் அது எங்களைப் போன்றவர்களின் கைவேலை, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இருசக்கர வாகனத்தின் சக்கரத்துக்குள் அதற்கு இடம் கிடைப்பது பெரும்பாடு. அருமண் கலக்காத, இரும்பு ஆக்சைடில் செய்யும் ஃபெரைட் காந்தம் போடலாம் என்றால் அதன் வலு நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்கு. மோட்டார் பெருத்துப் போகும். வேடிக்கை என்னவென்றால் ஃபெரைட் சூட்டுக்குப் பயப்படாது, கடுங்குளிருக்குப் பயப்படும்.

உங்கள் இயந்திரத்துக்கு வருகிறேன். தானியங்கிச் சுற்று இயந்திரம் ஒரே ஸ்டேட்டரை மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கில் சுற்றினால்தான் தன் வட்டியைத் தானே கட்டும். மாதத்துக்கு எத்தனை, எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்கினீர்களா? ஸ்டேட்டரில் காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டின் வடிவம் மாறினால் ஊசியும் பிடிமானமும் மாற வேண்டும்; அந்தச் செலவு யாருடையது என்று கேட்டீர்களா? பெரும்பாலும் "முதலில் இயந்திரம் போடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வரைபடத்தை வாங்கிக் கீழ்மூலையைப் படித்துவிட்டு, கம்பியும் தகடும் யாரிடம் வாங்க அனுமதி என்று பார்த்துவிட்டு, பிறகு வங்கிக்குப் போங்கள்.

காந்தக்காரரிடம் போன மாதம் பேசினேன். உலையை மறுபடி பற்றவைக்கத் தயார் என்கிறார்; எத்தனை வருடத்துக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். கம்பெனி முதலில் விலையைக் குறைக்கச் சொல்கிறது. வரைபடத்தில் இரண்டாவது பெயருக்குக் கட்டம் போட்டுவிட்டார்கள், அதற்குள் பெயர் இன்னும் இல்லை. அந்தக் கெட்ட ரோட்டர்கள் என் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் யார் தருவது என்று ஏழு மாதமாகக் கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது.