குளிர் ஊரில் இருக்கும் குழந்தைக்கும் டெங்கு வருமா? எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

கேட்டிருப்பது இது: கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். போன வாரம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். "இந்தக் குளிரில் டெங்கு வராது" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களாம். நம்பலாமா?

நம்ப வேண்டாம். கொசு உங்கள் வீட்டில் கடித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கல்யாண மண்டபத்தில் பகலில் கடித்த கொசுவுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. மருத்துவரிடம் போனதும் முதலில் இந்தப் பயணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மலையில் அவருக்கும் அது சட்டென்று தோன்றாமல் போகலாம்.

நான் மருத்துவர் இல்லை. இதே கோத்தகிரியில் இதே காய்ச்சலைப் பார்த்த ஒரு அம்மா. தீபாவளி விடுமுறைக்கு என் மகள் மேட்டுப்பாளையத்தில் அவளுடைய அம்மிச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. திரும்பி வந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் 103 டிகிரி அடித்தது. சளி இல்லை, இருமல் இல்லை. முகம் சிவந்து, "கண்ணுக்குள்ள வலிக்குதும்மா" என்று அழுதாள். மலை ஏறி வந்த குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

மருந்துக் கடையில் கேட்டபோது ஒரு சிரப் கொடுத்தார்கள். காய்ச்சல் வேகமாக இறங்கியது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. அது மெஃபினமிக் அமிலம் கலந்தது என்று பிறகுதான் தெரிந்தது. டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது அதையோ, இபுபுரூஃபனையோ, ஆஸ்பிரினையோ கொடுக்கக் கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிய இடம் கொடுத்துவிடும். பாராசிட்டமால் மட்டும் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பாட்டிலைப் படித்துப் பார்க்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றாதீர்கள்.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை செய்தோம். டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ். முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்தால்தான் இந்தப் பரிசோதனைக்கு மதிப்பு. நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்று மருத்துவர் மகளின் அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பார்த்தார். சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடினாராம். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். தேயிலைக் காட்டிலும் புதரிலும் குழந்தைகள் விளையாடும் நம் ஊரில் அதையும் மறக்கக் கூடாது. அதற்குத் தனி மருந்து உண்டு. உங்கள் பையனைக் குளிப்பாட்டும்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பைத் தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. என் மாமியார் சாமிக்கு விளக்கேற்றினார். நான் ரசம் சாதம் பிசைந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு வாந்தி எடுத்தாள். மதியத்துக்குள் மூன்று தடவை. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தன. நம் ஊர்க் குளிர்தான் என்று நினைத்துக் கம்பளி போர்த்தினேன். முந்தின இரவுக்குப் பிறகு அவள் சிறுநீரே கழிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, அது இறங்கும்போதுதான். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து, உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகிவிடும். குழந்தைகளின் உடம்பு கடைசி வரைக்கும் ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும், நிலைமை மோசமான பிறகும் தெளிவாகப் பேசுவார்கள். "நல்லாத்தானே பேசுது" என்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

அன்று மருத்துவமனையில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 62,000ஆகக் குறைந்திருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் அழுதேன். மருத்துவர் காட்டியது வேறொரு எண்ணை. பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு, 36இலிருந்து 44க்கு ஏறியிருந்தது. ரத்தம் கெட்டியாகிறது என்று அதுதான் சொல்கிறது. பிளேட்லெட் ஏற்றவே இல்லை. ரத்தப்போக்கு இல்லாத குழந்தைக்கு அந்த அளவில் அது தேவையில்லை என்றார். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து அளவு பார்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் அவள் நிறையச் சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். கசிந்த நீர் தானாகத் திரும்பி வரும் நேரத்தில் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமாம். அப்புறம் காலெல்லாம் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு அரித்தது. அது குணமாவதன் அடையாளம்.

வீட்டில் இருக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், எது இறங்குகிறதோ அது. வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காதீர்கள். ரத்தம் ஊறும் என்று எனக்கு ஒரு உறவினர் பீட்ரூட் சாறு கொண்டுவந்து கொடுத்தார், நம் தோட்டத்துக் கிழங்குதானே என்று. பிள்ளை அதை வாந்தி எடுத்தால் ரத்தமா பீட்ரூட்டா என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம். பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கூட்டலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நீர்க்கசிவை அது நிறுத்தாது. கசப்பைத் திணித்துக் குழந்தை வாந்தி எடுத்தால் உள்ளே போன நீரும் போய்விடும்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, நிற்காத வாந்தி, விடாத வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுவது, காரணமில்லாத சோர்வு அல்லது படபடப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். மதியம் தெரிந்தால் மதியமே கிளம்புங்கள். இருட்டிய பிறகு மேட்டுப்பாளையம் வரைக்கும் 33 கிலோமீட்டர் மலைப் பாதை, பனி மூட்டம், குஞ்சப்பனையில் யானை நின்றால் காத்திருக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்குக் கீழே அனுப்ப வேண்டியிருந்தால் அது பகலிலேயே நடக்கட்டும்.

உங்கள் பையனுக்கு இன்று மூன்றாம் நாள். காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதி, கீழே அவன் எப்போது குடித்தான், எப்போது சிறுநீர் கழித்தான் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ரத்தப் பரிசோதனையை நாளைக்குத் தள்ளாமல் இன்றே செய்துவிடுங்கள், பிசிவியையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளையும் ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டிவையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108.