மூச்சை எண்ணினாயா, மகளே?

வார்டு சிஸ்டர் பதில்கள்

(கடலூரிலும் புதுச்சேரியிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் பொது மருத்துவ வார்டிலுமாக 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: சிஸ்டர் அம்மா, தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த 58 வயதுக்காரர், இரவு இரண்டு மணிக்குப் போர்வையை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வண்டி வந்துவிட்டதா?" என்று என்னைக் கேட்டார். மேல்மூச்சு வாங்கியது. பி.பி. 114/70, காய்ச்சல் 99.4, நாடித்துடிப்பு 108, ஆக்சிஜன் 94. டூட்டி டாக்டருக்குப் போன் செய்து, "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" என்றேன். "பி.பி. என்ன?" என்றார். சொன்னேன். "நார்மல்தானே" என்று வைத்துவிட்டார். விடிவதற்குள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். என்மீது தவறா?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மகளே, உன் கண் தவறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் கடிதத்தில் ஓர் எண் இல்லை. மேல்மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறாய். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதவில்லை.

சும்மா படுத்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்கும். எந்த வார்டிலும் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார், எல்லோருக்கும் 18 அல்லது 20 என்றே எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதியவை அவை. தொற்று இரத்தத்தில் பரவினாலும், உள்ளே இரத்தம் கசிந்தாலும், உடம்பின் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் அமிலம் சேர்கிறது. அதைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளுவதற்கு மூச்சு வேகமெடுக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகிப் பிடித்துக்கொள்வதால் பி.பி. மட்டும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அது விழும் வரை காத்திருந்தால் பொன்னான நேரம் போய்விடும்.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் ஒரு மதிப்பெண் முறையை 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்தியது. அதில் உன் நோயாளியைப் போட்டுப் பார்க்கலாம். நீ எண்ணியிருந்தால் மூச்சு 26 என்று வந்திருக்கும் என வைத்துக்கொள்வோம். 25க்கு அது 3 மதிப்பெண், மேலே போனாலும் 3தான். இருக்கும் இடம் மறந்து "வண்டி வந்துவிட்டதா" என்று கேட்டாரே, புதிதாக வந்த அந்தக் குழப்பத்துக்கு 3. நாடிக்கு 1, ஆக்சிஜனுக்கு 1. பி.பி.க்கும் காய்ச்சலுக்கும் பூஜ்யம். கூட்டினால் 8. அந்த முறையில் 7 வந்தாலே அவசரநிலை. டாக்டர் கேட்டதோ பூஜ்யம் வாங்கிய ஒன்றை மட்டும்.

போனில் எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய ஒரு முறையை அந்நாட்டின் கைசர் பெர்மனெண்டே மருத்துவக் குழுமம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும் என்ற நான்கும் அந்த வரிசையில் வர வேண்டும். இப்படி:

"சார், சர்ஜிகல் வார்டு 14ஆம் படுக்கை. மூச்சு 26, நாடி 108, ஆக்சிஜன் 94, பி.பி. 114. இடம் தெரியாமல் பேசுகிறார். குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். மாலை வரை தெளிவாகப் பேசினார். மூன்று மணி நேரத்தில் சிறுநீர் 50 மில்லிதான். தொற்று இரத்தத்தில் பரவுகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்."

சிறுநீரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எடை கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும். 60 கிலோ மனிதருக்கு மூன்று மணி நேரத்தில் 90 மில்லி. பையைக் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் வரவில்லை என்றால் இன்சார்ஜ் சிஸ்டரை எழுப்பு, அறுவை செய்த டாக்டரைக் கூப்பிடு. யாரிடம் எத்தனை மணிக்கு என்ன சொன்னாய், அவர் என்ன பதில் சொன்னார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடு. திட்டு விழும். விழட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் பாட்டி ஒருவர், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை முடிந்து ஆறாம் நாள். "எனக்கு என்னவோ செய்கிறது, அம்மா" என்று மூன்று முறை சொன்னார். பி.பி. பார்த்தேன், சரியாக இருந்தது. மூச்சு 20 என்று எண்ணாமல் எழுதினேன். பொழுது வெளுப்பதற்கு முன் இறந்துவிட்டார். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். எண்ணியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த 20 என் கையெழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஓய்வுபெறும் நாள் வரை நான் ஒரு முழு நிமிடம் எண்ணாமல் அந்தக் கட்டத்தை நிரப்பியதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு அறுவை முடிந்த அன்றிரவு, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குபவரைச் சிஸ்டர்கள் அடிக்கடி எழுப்பினார்கள். இது தேவையா?
வாசகர், வில்லியனூர்

பதில்: அன்றிரவு தேவைதான், ஐயா. மார்பின் போன்ற வலி மருந்துகள் மூச்சைக் குறைத்துவிடும். எழுப்பினால் கண் திறக்கிறாரா, மூச்சு 8க்கும் 10க்கும் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைத்துக் கைவிட்டவர்கள் உண்டு. தேறிவிட்ட பிறகு, நான்காம் ஐந்தாம் நாளில், இரவுச் சோதனைகளைக் குறைக்கலாமா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். தூக்கமும் மருந்துதான்.

கேள்வி: 72 வயது அப்பா இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். புதுச் சீட்டில் உள்ள மாத்திரைகளோடு, ஏற்கெனவே சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையையும் கொடுத்தோம். நான்காம் நாள் வேர்த்துக் கொட்டி மயங்கினார். சுகர் 52. எங்கே பிழை?
வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய இரண்டு அட்டைகளின் படங்களையும் பார்த்தேன். பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்கள் வேறு. கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மருந்து. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் அப்பா இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார்.

சுகர் 70க்குக் கீழே போய், விழிப்போடும் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்தவர் சில மணி நேரத்தில் மறுபடி மயங்கக்கூடும், வயதானவர்களும் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் குறிப்பாக. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் காட்டுங்கள்.

பிழை எங்கே என்று கேட்டீர்கள். "வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது?" என்று டிஸ்சார்ஜ் அன்று யாரும் கேட்காததில். அது செவிலியரின் வேலை. என் தொழிலின் சார்பில் வருந்துகிறேன். எங்கள் வார்டில் டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே வீட்டில் இருக்கும் மாத்திரைகள் மொத்தத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். கட்டில்மேல் கொட்டி, புதுச் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, நிறுத்த வேண்டியவற்றை டாக்டரிடம் கேட்டு, தனியாகக் கட்டிக் கொடுப்பேன். பத்து நிமிட வேலை.

நம் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். கடலூரிலிருந்து புறப்பட்டுக் கன்னியக்கோயிலைத் தொட்டால் புதுச்சேரி, அரசே மாறிவிடுகிறது. மஞ்சக்குப்பத்து அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு, கோரிமேடு ஜிப்மரில் ஒரு சீட்டு, தெருமுனை டாக்டரிடம் ஒன்று. தமிழ்நாட்டுப் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஜிப்மரில் மருந்து மாற்றியதை வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் நீங்கள் காட்டாவிட்டால் பழைய மாத்திரைதான் தொடரும். ஒரே ஒரு நோட்டு வாங்குங்கள். எந்த டாக்டர் எந்த மருந்தைச் சேர்த்தார், எதை நிறுத்தினார் என்று தேதியோடு எழுதி, எல்லோரிடமும் அதையே நீட்டுங்கள்.

கேள்வி: செவிலியர் மாணவி நான். ஒரே நேரத்தில் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்று ஒருவர், வலி தாங்கவில்லை என்று ஒருவர், கட்டு நனைந்துவிட்டது என்று ஒருவர் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவது?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கட்டு நனைந்தவரிடம், கண்ணு. சிவப்பாக இருந்தால் கையுறை போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிடு. ஈரத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு மணியை எழுது. பரவுகிறதா என்று அடுத்தவருக்கும் தெரியும். டிரிப்ஸ் தீர்ந்தால் காற்று ஏறி உயிர் போய்விடும் என்று உறவினர்கள் பதறுவார்கள். பாட்டிலைத் தொங்கவிட்டு ஏற்றும் டிரிப்ஸில் பெரும்பாலும் இரத்தம் குழாயில் ஏறி ஊசி அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உடன் இருக்கும் சிஸ்டரை மூடச் சொல். வலிக்காரர் கத்துகிறார், அதாவது மூச்சு போய்க்கொண்டிருக்கிறது. அவரிடம் "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல், சொன்னபடி போ.

ஆனால் நீ நான்காவது ஆளைச் சொல்லவில்லை. இரவு இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர். அவர் கூப்பிடவே மாட்டார். போகிற வழியில் அவர் நெற்றியில் கை வை. சில்லென்று வேர்த்திருந்தால் சுகர் இறங்கியிருக்கலாம், அவர்தான் முதல் ஆள்.

கிறிஸ்டின் டேனர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 2006இல் செவிலியர் யோசித்து முடிவெடுக்கும் விதத்தை நான்காகப் பிரித்தார்: கவனிப்பது, பொருள் காண்பது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. முதல் மூன்றும் வேலையோடு வரும். நான்காவதற்கு நீயே நேரம் ஒதுக்க வேண்டும். டூட்டி முடிந்து பஸ் ஏறியதும், இன்று எதை முன்பே பார்த்திருக்கலாம் என்று இரண்டு வரி எழுதிவை.

கேள்வி: எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேத்தி எழுதுகிறாள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருக்கு ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது? எரிந்து விழுவார்களோ?
வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அக்கா, கேஸ் ஷீட்டில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவர் நேற்று எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். "நேற்று எழுந்து உட்கார்ந்து காபி குடித்தார், இன்று டம்ளரைப் பிடிக்கக் கை வரவில்லை. நேற்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இன்று கூப்பிடவில்லை." இப்படிச் சொல்லுங்கள். எரிந்து விழுந்தாலும் நகராதீர்கள். "ஒரு முறை வந்து அவர் மூச்சை எண்ணிப் பாருங்கள், அம்மா" என்று கேளுங்கள். பேத்தி பக்கத்தில் இருந்தால், சொன்ன நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.